முக்காடும் மனச்சான்றும்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளிப் பங்குகளிலும் திருப்பலி காணச் செல்வோர் அறிந்த காட்சி ஒன்று உண்டு. எழுந்தேற்ற மணி ஒலித்ததும் முதிய தாய்மாரின் கைகள் தாமாகவே சேலைத் தலைப்பைப் பற்றி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடும். நடுவயதினர் தலைப்பைத் தலைமேல் இட்டிருப்பர், நழுவினால் திருத்திக்கொள்வர். இளம்பெண்களுள் சிலர் துப்பட்டாவால் தலையை மூடுவர், சிலர் மூடுவதில்லை. மூடியவரை ஏன் மூடினாய் என்றோ, மூடாதவரை ஏன் மூடவில்லை என்றோ இன்று எந்தப் பங்குக் குருவும் கேட்பதில்லை. கேட்டால் நம் பெண்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு செய்தி.

அதே நகரில் பேகம்பூர் என்னும் பகுதி இருக்கிறது. 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்தமர்ந்த ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கம் செய்யப்பட்ட பள்ளிவாசலால் பெயர் பெற்ற இடம் அது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய மூதாட்டியரையும், கறுப்பு அங்கியும் தலைத்துணியும் அணிந்து கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பேத்தியரையும் அங்கே ஒருசேரக் காணலாம். தோல் தொழிலிலும் பூட்டுத் தொழிலிலும் வெங்காயப் பேட்டையிலும் நம்மவரும் அவர்களும் கலந்து பிழைத்த ஊர் இது. நாம் அறிந்தவரை, அவர்கள் தலையில் என்ன அணிகிறார்கள் என்பது இங்கே நெடுங்காலம் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை.

இன்று அது பேச்சாகிவிட்டது. பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் நன்மக்களே கேட்கிறார்கள்: “சாமி, பிரான்சு நாட்டில் தடை செய்துவிட்டார்களாமே, நம் பள்ளிகளில் மட்டும் நாம் ஏன் இடம் கொடுக்கவேண்டும்? ஊரோடு ஒத்து வாழ்வதுதானே முறை?” இக்கேள்வியில் பகை இல்லை. ஆயினும் இதற்கு விரைந்து விடையளித்துவிட முடியாது. இது பிறர் வீட்டுக் கேள்வி அன்று, நம் வீட்டுக் கேள்வி என்பதை முதலில் காண்போம்.

2015ஆம் ஆண்டு மருத்துவக் கல்விக்கான அகில இந்திய முன்நுழைவுத் தேர்வில் மின்னணுக் கருவிகளின் துணையோடு பெரும் மோசடி நடந்தது. உச்ச நீதிமன்றம் அத்தேர்வை ரத்துசெய்து மறுதேர்வுக்கு ஆணையிட்டது. மறுதேர்வுக்கு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் கடுமையான உடைக்கட்டுப்பாட்டை விதித்தது: முழுக்கைச் சட்டை கூடாது, காலணி கூடாது, தலைத்துணி கூடாது. முஸ்லிம் மாணவர் அமைப்பொன்று உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஒருநாள் சில மணிநேரம் தலைத்துணி இன்றித் தேர்வு எழுதினால் நம்பிக்கை மறைந்துவிடாது என்னும் பொருள்படக் கூறி, 2015 ஜூலை 24 அன்று நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. செய்தித்தாளில் அதைப் படித்த நம்மவருள் பலர், ‘சரியாகத்தான் சொன்னார்கள்’ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

மறுநாள், ஜூலை 25, தேர்வு நாள். திருவனந்தபுரத்தில் ஒரு தேர்வு மையத்தின் வாயிலில் கத்தோலிக்கக் கன்னியர் ஒருவர் நிறுத்தப்பட்டார். தலையில் உள்ள முக்காட்டையும் கழுத்தில் உள்ள சிலுவையையும் கழற்றினால்தான் உள்ளே செல்லலாம் என்றனர். தனியறையில் சோதித்துக்கொள்ளுங்கள், ஆனால் துறவு உடையைக் கழற்றமாட்டேன் என்பது அவருடைய நிலை. தேர்வு எழுதாமலேயே அவர் திரும்பிச் சென்றார்.

இச்செய்தி வந்தபோது கத்தோலிக்க மக்கள் மனம் புண்பட்டது. கண்டனக் குரல்களும் எழுந்தன. நியாயமே. ஆனால் முதல் நாள் ஓர் இஸ்லாமியப் பெண்ணுக்குச் சொல்லப்பட்ட ‘சில மணிநேரம்தானே’ என்னும் விடையைத்தான் மறுநாள் நம் சகோதரிக்கும் சொன்னார்கள். விதி ஒன்று; துணியும் ஏறத்தாழ ஒன்று; அளவும் நிறமும் முடிச்சும்தான் வேறு. ஒன்றைக் கேட்டு அமைதியாக இருந்த நெஞ்சம் மற்றொன்றைக் கேட்டுத் துடித்ததற்குக் காரணம் எது? உறவு என்றால் அது இயல்பே; தன் வீட்டுப் பிள்ளை அழுதால் தாய் ஓடத்தான் செய்வாள். நீதி என்று சொல்லிக்கொண்டால்தான் இடர்ப்பாடு எழுகிறது.

அடுத்த ஆண்டே இதற்கு ஒரு வழி பிறந்தது. 2016இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஏ. முகமது முஸ்தாக், தலைத்துணி அணிந்து தேர்வு எழுத விரும்பும் மாணவியர் அரைமணி நேரம் முன்னதாக வரட்டும், பெண் கண்காணிப்பாளர் சோதிக்கட்டும், பின்னர் எழுதட்டும் என்றார். மோசடியைத் தடுக்கவேண்டும் என்னும் பொதுநலனும் காக்கப்பட்டது. மாணவியின் மனச்சான்றும் காக்கப்பட்டது. இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு அரைமணி நேரம்.

இங்கே இறையியல் பயின்றவருக்கு ஓர் ஐயம் எழலாம். கன்னியரின் முக்காடும் இஸ்லாமியப் பெண்ணின் தலைத்துணியும் ஒன்றாகுமா? முன்னது துறவற வார்த்தைப்பாட்டின் அடையாளம். பின்னது இல்லறத்தாரும் சிறுமியரும் அணிவது. வேறுபாடு உண்மைதான். ஆனால் நம் வரலாறு அவ்வளவு எளிதன்று. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், இறைவேண்டல் செய்யும் பெண் தலையை மூடவேண்டும் என்கிறார்; அவர் பேசுவது துறவியரைப் பற்றி அன்று, சபையின் எல்லாப் பெண்களையும் பற்றி. தெர்த்துல்லியன் கன்னிப்பெண்களின் முக்காட்டைக் குறித்துத் தனி நூலே எழுதினார். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பெண்கள் தலையை மூடி ஆலயத்தில் இருக்கவேண்டும் என எழுத்திலேயே வைத்திருந்தது. 1976இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், பவுலின் இந்த ஏற்பாடு அக்காலப் பழக்கத்தைச் சார்ந்தது, இன்று அது கட்டளையாகாது என விளக்கியது. 1983இல் வெளிவந்த புதிய சட்டத்தொகுப்பில் அவ்விதி இடம்பெறவில்லை.

ஆக, நம் பாட்டிமார் முக்காடு இட்டது சட்டத்தின்படி. இன்று நம் தாய்மார் இடுவது சட்டம் இல்லாமலே. இந்த இரண்டாவது நிலையை ஆழ்ந்து நோக்கவேண்டும். கட்டளை நீங்கிய பின்னும் எழுந்தேற்ற மணிக்கு ஒரு கை முக்காட்டைத் தேடுகிறது என்றால், அதை எந்தச் சட்டத்தைக் கொண்டு அளப்பது? ‘அது உங்கள் சமயத்தில் இன்றியமையாதது அன்று, எனவே எடுத்துவிடுங்கள்’ என்று ஓர் அதிகாரி நம் தாயிடம் சொன்னால், அவர் சொல்வதில் முதற்பாதி முற்றிலும் சரி. இரண்டாம் பாதி பெரும் அநீதி.

இது வெறும் கற்பனை அன்று. கர்நாடகத்தில் நடந்தது ஏறத்தாழ இதுவே. உடுப்பியில் பெண்களுக்கான அரசு பல்கலைக்கழக முன்புகுமுகக் கல்லூரியில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் தலைத்துணி அணிந்த மாணவியர் சிலர் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 2022 பிப்ரவரி 5இல் மாநில அரசு சீருடை குறித்து ஆணை பிறப்பித்தது. மார்ச் 15இல் கர்நாடக உயர் நீதிமன்றம், தலைத்துணி அணிவது இஸ்லாத்தில் இன்றியமையாத வழக்கம் அன்று எனக் கூறி மாணவியரின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். நீதிபதி ஹேமந்த் குப்தா அரசின் ஆணையை ஏற்றார். நீதிபதி சுதான்சு தூலியா, அது இறுதியில் மாணவியின் தெரிவு என்றும், நம் முன் நிற்கவேண்டிய கேள்வி அப்பெண்களின் கல்வி என்றும் கருதி மறுத்தார். வழக்கு பெரிய அமர்வுக்கு விடப்பட்டது.

‘இன்றியமையாத சமய வழக்கம்’ என்னும் அளவுகோல் நம் நாட்டுச் சட்டத்தில் 1954ஆம் ஆண்டின் சிரூர் மடத்து வழக்கிலிருந்து வளர்ந்தது. சட்ட அறிஞர்கள் அதனை ஆயட்டும். நம் நிலையிலிருந்து ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இந்த அளவுகோலை நம்மீது வைத்தால் எஞ்சுவது என்ன? சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பல் மீட்புக்கு இன்றியமையாததா? கழுத்தில் தொங்கும் உத்தரியம்? வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணியின் காவி உடை? தவக்காலத்தில் வெள்ளிதோறும் புலால் தவிர்க்கும் தொழிலாளி, அன்று ஆலை உணவகத்தில் வேறு உணவு கேட்டால் அவரிடம் இறையியல் சான்றிதழ் கேட்பதா? இன்றியமையாதவை எவை என்று கேட்கத் தொடங்கினால் சமயம் சில கோட்பாடுகளாகச் சுருங்கிவிடும். மக்களின் பக்தி பெரும்பாலும் இன்றியமையாதன அல்லாதவற்றில்தான் உயிர்வாழ்கிறது.

இதைவிடச் சிறந்த அளவுகோல் ஒன்றை நம் உச்ச நீதிமன்றமே முன்னர் வகுத்துத் தந்திருக்கிறது. 1985இல் கேரளத்தில் ஒரு பள்ளியில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த உடன்பிறப்புகள் மூவர், நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது மரியாதையோடு எழுந்து நின்றனர்; ஆனால் பாடவில்லை. தம் இறைவனைத் தவிர வேறெதையும் போற்றிப் பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. 1986 ஆகஸ்டு 11இல் பிஜோ இம்மானுவேல் வழக்கு என அறியப்படும் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி கேட்ட கேள்வி, அந்நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா என்பது அன்று. அதை அவர்கள் உண்மையாகவே மனச்சான்றில் கொண்டிருக்கிறார்களா என்பதே. வீடு தேடி வந்து நம் மக்களைக் குழப்புகிறார்கள் என்று நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்ளும் அதே சபையினர்தாம் அவர்கள். ஆயினும் அந்த மூன்று பிள்ளைகள் வென்றது நமக்காகவும்தான்.

இந்த அளவுகோல் நமக்குப் புதிதன்று. தூய தோமையார் அக்குயினாஸ் தம் இறையியல் தொகுப்பில், தவறிய மனச்சான்றும் மனிதனைக் கட்டுப்படுத்தும் என்று கற்பிக்கிறார். அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு இன்றும் நம்மை அசைத்துவிடும்: கிறிஸ்துவை நம்புவது தீது என ஒருவனுடைய அறிவு உண்மையாகவே கருதுமானால், அந்நிலையில் அவன் நம்பத் துணிவதும் தன் கண்ணுக்குத் தீதாகத் தோன்றுவதை விரும்புவதாகவே முடியும் என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில், தோமினிக்கன் துறவி ஒருவர் இவ்வளவு தூரம் சென்றிருக்கிறார். 1965 டிசம்பர் 7இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் இதற்கு முழு உருவம் கொடுத்தது. மனச்சான்றுக்கு எதிராகச் செயல்படுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. மனச்சான்றின்படி செயல்படுவதிலிருந்து எவரையும், தனிமையிலோ பொதுவிலோ, உரிய வரம்புகளுக்குள் தடுக்கலாகாது. சங்கம் இந்த இரு பக்கங்களையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

இரண்டாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முதற்பக்கத்தை விட்டுவிடுவோரும் உண்டு. 2022 செப்டம்பரில் ஈரானில், தலைத்துணியை முறையாக அணியவில்லை என்று காவலர் பிடித்துச் சென்ற மாசா அமினி என்னும் 22 வயது இளம்பெண் உயிரிழந்தாள். அந்நாட்டுப் பெண்கள் தெருவில் இறங்கித் தலைத்துணியைக் கழற்றி எறிந்தனர். உடுப்பிப் பெண் அதை அணியப் போராடுகிறாள், தெஹ்ரான் பெண் அதைக் கழற்றப் போராடுகிறாள், இதில் யாரை ஆதரிப்பது என்று சிலர் எள்ளலாகக் கேட்டனர். எள்ளுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. இருவரும் கேட்பது ஒன்றே.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தெஹ்ரான்வரை செல்லவேண்டிய தேவை இல்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணிவதற்கு நடத்திய தோள்சீலைப் போராட்டம் நமக்கு மறக்கக்கூடியதா? மேலாடை அணிந்து சந்தைக்குச் சென்ற பெண்களின் துணியைக் கிழித்தார்கள். சிற்றாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் தீயிட்டார்கள். 1829இல் அரசு அவர்களுக்கு எதிராகவே ஆணையிட்டது. 1859 ஜூலை 26இல்தான் அப்பெண்கள் தோளை மறைக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்தப் பெண்களிடமும் ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்றே சொன்னார்கள். ஊர் வழக்கம் என்பது எப்போதும் ஊரார் எல்லாரும் கூடி வகுத்ததாக இருப்பதில்லை. பெண்ணின் உடலில் எதை மூடலாம், எதைத் திறக்கலாம் என்பதை அவளைக் கேளாமல் முடிவு செய்த கை சில நேரம் மூடு என்றது, சில நேரம் திற என்றது.

மேலைநாடுகளின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். பிரான்சில் 1989இல் கிரெய் என்னும் ஊரில் மூன்று மாணவியரால் தொடங்கிய விவாதம் 2004 மார்ச் 15இன் சட்டத்தில் முடிந்தது. அரசுப் பள்ளிகளில் சமயத்தைப் பளிச்செனக் காட்டும் எந்த அடையாளமும் கூடாது: தலைத்துணி கூடாது, யூதரின் தலைக்குல்லாய் கூடாது, சீக்கியரின் தலைப்பாகை கூடாது, பெரிய சிலுவையும் கூடாது. ‘எங்கள் பள்ளி எல்லாப் பிள்ளைகளும் குடிமக்களாக மட்டுமே வரும் இடம்’ என்பது அவர்கள் வாதம். திருச்சபையின் பிடியிலிருந்து பள்ளிகளை மீட்க நூறாண்டுகளுக்கு மேல் போராடிய நாடு அது என்பதை நினைவிற்கொண்டால், அவ்வாதத்தின் வேர் நமக்குப் புலப்படும். அந்த வேரில் நம் பங்கும் உண்டு. ஆனால் சட்டம் எல்லாரையும் ஒன்றுபோல் தொட்டாலும் எல்லாருக்கும் ஒன்றுபோல் வலிப்பதில்லை. சிறிய சிலுவையைச் சட்டைக்குள் இட்டுக்கொள்ளலாம். தலைப்பாகையை எங்கே ஒளிப்பது?

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளிலும் இந்தத் தடுமாற்றம் தெரிகிறது. உடற்பயிற்சி வகுப்பில் தலைத்துணியைக் கழற்ற மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பிரெஞ்சு மாணவியர் 2008இல் அங்கே தோற்றனர். இங்கிலாந்தில் சீருடைமேல் சிறு சிலுவை தெரிய அணிந்ததால் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்ட நாதியா எவெய்தா என்னும் விமான நிறுவனப் பணியாளர் 2013 ஜனவரியில் வென்றார். வழக்குகளின் சூழல் வேறு வேறு என்பது உண்மை. ஆயினும் தோற்ற பெண்களின் வீட்டார் இதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்ப்பது நமக்கு நன்று. பாரிசிலே நம் தமிழ்ப் பெண்கள் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாகத் திருவிழாவுக்குச் செல்லும்போது அங்குள்ளோர் ‘எத்துணை அழகிய பண்பாடு’ என வியக்கின்றனர். விருந்தோம்புவோருக்கு அச்சம் தராத வேற்றுமையைப் பண்பாடு என்கிறோம். அச்சம் தருவதை ஒத்துவராமை என்கிறோம்.

ஒத்துப்போதல் பற்றிப் பேசும்போது மதுரையை மறக்கலாமா? 1606இல் அங்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நோபிலி ஐரோப்பிய அங்கியைக் களைந்து காவி உடுத்தினார், குடுமி வைத்தார், சந்தனம் பூசினார். சொந்தச் சபையினரே அவரைக் குற்றம் சாட்டினர். 1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சமூக வழக்கங்களாகக் கருதி, மூடநம்பிக்கை கலவாத வகையில் அணிய இசைவு தந்தார். ‘வந்தவர் மாறினாரே, இவர்கள் ஏன் மாறக்கூடாது’ என்று நம்மவர் கேட்கலாம். தே நோபிலி தாமே மாறினார்; நாயக்கர் அரசு அவருடைய அங்கியைக் களைந்துகொண்டு வா என்று வாயிலில் நிறுத்தவில்லை. (அந்த மாற்றத்தின் வழியே சாதி வேற்றுமையும் நம் திருச்சபைக்குள் இடம்பிடித்துக்கொண்டது என்னும் கசப்பான உண்மையை வேறொரு கட்டுரையில் பேசவேண்டும்.) மேலும், பேகம்பூர்ப் பெண் வெளியிலிருந்து வந்த விருந்தாளி அல்லள். அவளுடைய பாட்டியும் நம் பாட்டியும் ஒரே சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசியவர்கள்.

இனி, நம்மை உண்மையிலேயே நிறுத்திச் சிந்திக்கவைத்த மறுப்பு ஒன்றைச் சொல்கிறோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நம் பங்கு மக்களுள் மதிப்புமிக்கவர், நம்மிடம் கேட்டார்: “சாமி, பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டி வந்தால் நான் அறுத்து எறிந்திருக்கிறேன். அதைச் சரி என்றீர்கள். இப்போது தலைத்துணியை விடு என்கிறீர்களே, இது எந்த நியாயம்?”

கேள்வியின் கனம் தென்தமிழ்நாட்டாருக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவனும் அவன் தங்கையும் சொந்த வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் நெற்றி அடையாளங்களும் பள்ளியில் கூடாது என அது பரிந்துரைத்தது. சீருடை நம் நாட்டில் ஏழைப் பிள்ளையின் கவசம். பணக்காரன் மகனும் கூலியாள் மகளும் ஒரே நீலத்தில் வந்து அமர்வது சிறிய செய்தியன்று. நம் கன்னியர் பள்ளிகள் பல தலைமுறைகளாக அதைக் காத்துவந்ததற்கு நன்றி சொல்லவேண்டும்.

ஆயினும் கயிறும் தலைத்துணியும் ஒன்றல்ல என்றே நாம் கருதுகிறோம். கயிறு அணிந்தவனின் பார்வை பக்கத்தில் இருப்பவன்மேல் இருக்கிறது. ‘நான் இன்னார், நீ எனக்குக் கீழே’ என்பதே அதன் செய்தி. பார்ப்பதற்கு ஒருவன் இல்லையென்றால் அதற்குப் பொருளே இல்லை. நிறம் மாறினால் பகை மாறும். தலைத்துணி அணிந்தவள் தன்னை இறைவனுக்குக் கீழே வைக்கிறாள். எவரையும் தனக்குக் கீழே வைக்கவில்லை. நாளை ஏதேனும் ஒரு பள்ளியில் அதுவும் பிறரை மிரட்டும் கொடியாக, ஒரு கூட்டத்தின் வலிமைக் காட்சியாக மாறுமானால், அப்போது தலைமையாசிரியரின் வாதம் வெல்லும். மாறிய அன்று பேசிக்கொள்வோம். சந்துரு குழு நெற்றி அடையாளங்களையும் சேர்த்ததில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. நெற்றியில் திருநீறு பூசி வரும் பிள்ளையை நாம் கழுவிவிட்டு வா என்று சொல்லத் துணியமாட்டோம். தலைமையாசிரியர் நம் விடையை முழுதும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். “வேறுபாட்டை நீங்கள் காண்கிறீர்கள், பதின்மூன்று வயதுப் பையன் காண்பானா?” என்று கேட்டுவிட்டுச் சென்றார்.

மற்றொரு மறுப்பும் உண்டு: சிறுமிக்கு ஏது மனச்சான்று, அது பெற்றோரின் கட்டாயம்தானே என்பது. சில வீடுகளில் அப்படித்தான். ஆனால் நாம் புதுநன்மைக்கு வரும் எட்டு வயதுச் சிறுமிக்கு வெள்ளை உடையும் தலையில் மெல்லிய வலைத்துணியும் பூமுடியும் அணிவிக்கும்போது அவளுடைய இசைவைக் கேட்டா அணிவிக்கிறோம்? பெற்றோரே பிள்ளையின் முதல் கல்வியாளர் என்பதும் சங்கத்தின் போதனைதான். கட்டாயப்படுத்தும் தந்தையிடமிருந்து அச்சிறுமியை விடுவிக்க வல்லது ஒன்று உண்டென்றால் அது வகுப்பறை. அதன் கதவையே அடைத்துவிட்டு அவளை விடுவித்தோம் என்பது பொருந்துமா?

அச்சத்தைக் குறித்தும் ஒரு சொல். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொச்சிக்கடைத் தூய அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டித் தூய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் ஆடை அவசரகால விதியால் தடை செய்யப்பட்டது. முகம் தெரியவேண்டும் என்னும் பாதுகாப்புத் தேவையை நாம் மறுக்கவில்லை. முகம் வேறு, தலை வேறு. ஆனால் முகம் திறந்து தலையை மட்டும் மூடியிருந்த பெண்களும் அந்நாட்களில் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் தடுக்கப்பட்டனர். தம் மந்தையை அடக்கம் செய்துகொண்டிருந்த கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டகை, முஸ்லிம்கள்மேல் கைவைக்க வேண்டாம் எனத் தம் மக்களிடம் மீண்டும் மீண்டும் வேண்டினார். அச்சப்பட நம்மைவிட அதிகக் காரணம் உள்ளவர்கள் அம்மக்கள்.

நம் பக்கத்திலும் ஒரு நிகழ்ச்சி. 2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு வாக்குச்சாவடியில், தலைத்துணி அணிந்து வந்த பெண்ணைக் கண்டு ஒரு கட்சியின் முகவர் கூச்சலிட்டார். ஒன்றுக்கொன்று எதிரிகளாகிய பிற கட்சிகளின் முகவர்கள் ஒன்றுசேர்ந்து அவரை எதிர்த்தனர், அவர் வெளியேற்றப்பட்டார், வாக்குப்பதிவு தொடர்ந்தது. இதற்காக யாரும் இறையியலோ அரசமைப்புச் சட்டமோ படித்துவிட்டு வரவில்லை.

மேலூரில் வென்றது ஊரின் இயல்பு. நம் பள்ளிகளில் வெல்லவேண்டியது எது என்பதே எஞ்சிய கேள்வி. சட்டம் இங்கே நம் பக்கம் இருக்கிறது. 2016இல் மாணவியருக்கு அரைமணி நேர வழியைக் காட்டிய அதே நீதிபதி முகமது முஸ்தாக், 2018இல் திருவனந்தபுரத்துக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் வழக்கில், தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் அணிய மாணவியருக்குள்ள தனி உரிமை நிறுவனத்தின் பரந்த உரிமைக்கு விட்டுக்கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில், கொச்சி பள்ளுருத்தியில் தூய ரீத்தா பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தலைத்துணி அணிந்து வந்ததால் எழுந்த பூசல் மாநிலம் முழுவதும் பரவியது. பள்ளி இரண்டு நாள் மூடப்பட்டது, அமைச்சர் தலையிட்டார், அரசியல் கட்சிகள் வாயிலில் கூடின. இறுதியில் மகளை வேறு பள்ளிக்கு மாற்றுவதாகக் குடும்பத்தார் தெரிவித்தனர். அப்பள்ளியை நடத்தியவர்கள் நம்மைப் போன்ற கத்தோலிக்கர். கூட்டத்தின் அச்சுறுத்தலுக்கு நடுவே எந்த முதல்வருக்கும் முடிவெடுப்பது கடினம். தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்வது நமக்கு அழகன்று. ஆயினும் அந்த முடிவைக் கண்டு நம்மவர் சிலர் ‘வென்றுவிட்டோம்’ என்று இனிப்பு வழங்கும் மனநிலையில் இருந்ததைக் கண்டபோது நெஞ்சம் கனத்தது. ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இருக்கை காலியானது வெற்றியா?

அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினராகிய நமக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தந்தது, பெரும்பான்மையின் அளவுகோலால் நாம் நசுங்கிவிடக்கூடாது என்பதற்காக. அந்தக் கேடயத்தை நம்மைவிடச் சிறிய ஒருத்தியின் எதிரே நீட்டுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. எல்லாம் செய்ய உரிமை உண்டு, ஆனால் எல்லாம் நன்மை பயப்பதில்லை என்று தூய பவுல் கொரிந்தியருக்குச் சொன்னது இத்தகைய இடத்திற்குத்தான். உரோமையர் 14ஆம் அதிகாரத்தில் அவர் இன்னும் நெருங்கி வருகிறார். சிலர் காய்கறி மட்டுமே உண்கிறார்கள், சிலர் சில நாள்களைச் சிறப்பாகக் கொள்கிறார்கள். செய்கிறவர் ஆண்டவருக்காகச் செய்கிறார், மற்றொருவருடைய வேலையாளுக்குத் தீர்ப்பிட நீ யார் என்று கேட்கிறார். பவுல் கிறிஸ்தவர்களிடையே எழுந்த பூசலைப் பற்றித்தான் பேசினார் என்பது தெரிந்ததே. அதை விரித்துப் பொருள்கொள்ள இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நமக்குத் தடை ஏதுமில்லை.

நடைமுறையில் இது அவ்வளவு பெரிய மலையும் அன்று. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவியர் சீருடையின் நிறத்திலேயே தலைத்துணி அணிய இடமுண்டு என்பது கர்நாடக வழக்கிலேயே எடுத்துக்காட்டப்பட்டது. சீருடைத் துணியில் கூடுதலாக ஒரு கெஜம். ஆய்வுக்கூடத்தில் அதைப் பின்னால் முடிந்துகொள்ளவேண்டும் என்னும் ஒரு விதி. அடையாளம் காட்டவேண்டிய இடத்தில் முகம் திறந்திருக்கவேண்டும் என்னும் மற்றொரு விதி. கயிறு கூடாது என்னும் விதியும் அருகிலேயே இருக்கட்டும். அதற்கான காரணத்தை வகுப்பில் விளக்குவது ஆசிரியர் பொறுப்பு. இதனால் தம் பள்ளியின் கத்தோலிக்கத் தன்மை போய்விடும் என்று அஞ்சும் நிர்வாகிகள், அத்தன்மை இதுவரை எதில் இருந்தது என்று சற்று எண்ணிப்பார்க்கலாம்.

சேர்க்கைக் காலம் வருகிறது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தந்தை கன்னியர் பள்ளி அலுவலகத்துக்கு வருவார். ‘சிஸ்டர், இங்கேதான் ஒழுக்கமும் படிப்பும் இருக்கிறது என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள்’ என்பார். மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் சகோதரியின் தலையிலும் ஒரு துணி இருக்கும். அந்தச் சிறுமி இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள்.